இரவல் மூக்கு

அந்த ஒயின் கடையில் அவருக்குப் பெயர் மூக்கர். வைத்தது மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அதே கடையின் வேனை ஓட்டுகிறவர். பார்வைக்கு அந்த மூக்கில் விசேஷம் ஒன்றும் கிடையாது. கண்ணாடி நழுவாமல் நிற்கிற அளவுக்கு ஒரு மூக்கு, அவ்வளவுதான். ஆனால் வேலையில் அது பெயர் வாங்கிய மூக்கு. பாட்டிலைத் திறந்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். பழம் நன்றாக வெயில் கண்டதா, மரப்பீப்பாயில் ஓய்வெடுத்ததா, வரும் வழியில் சூட்டில் கிடந்து சீரழிந்ததா என்று சொல்லிவிடுவார்.

கடை ஒரு ரொட்டிக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் கூரை வரை அலமாரி, நகர்த்துகிற ஏணி ஒன்று, பின்னால் சரக்கு அறை. சனிக்கிழமை மதியம் ஆனால் வாசலை ஒட்டி ஒரு மடக்கு மேசையை விரித்து, மேலே வெள்ளைத் தாளைப் பரப்பி, நாலைந்து பாட்டில்களைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு வாய் சுவைக்கலாம், பிடித்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டாலும் பிடித்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போகலாம். பலர் அதற்காகவே வந்தார்கள்.

முதலாளியக்கா அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஊற்றிக் கொடுக்கிறவர் முதல் மடக்கைத் தானே குடிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும், எல்லோர் கண்ணெதிரிலும். கெட்டுப்போனது எதுவாக இருந்தாலும் முதலில் நம் வாய்க்குத்தான் வரவேண்டும், வாடிக்கையாளர் வாய்க்குப் போகக் கூடாது என்பார். தலை நரைக்கிற வரைக்கும் அந்த முதல் மடக்கு மூக்கருடையதாகவே இருந்தது.

பிறகு குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த சாதாரணக் காய்ச்சல். படுத்தார், போர்த்தினார், எழுந்தார். எழுந்த அன்று காலையில் காபி டப்பாவைத் திறந்தபோது உள்ளே காபித்தூள் இருந்தது, வாசனை இல்லை. டப்பாவை மூடி மறுபடி திறந்து பார்த்தார். வெங்காயத்தை நறுக்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. சோப்பு, ஷூ பாலிஷ், சளித் தைலம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மோந்துகொண்டிருந்தவரை அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். எதற்கும் அசைய மாட்டாள். முதலில் சிரித்தாள். இனிமேல் அடுப்பில் எது கருகினாலும் வீட்டில் திட்டு விழாது என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

டாக்டர் கைவிரிக்கவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை. நரம்பு சமாச்சாரம், வந்தாலும் வரும், நாளாகும் என்றார். காபி, எலுமிச்சைத் தோல், கிராம்பு, சோப்பு என்று தினமும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். மூக்கரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தவறாமல் செய்தார். எலுமிச்சை எலுமிச்சையாக இருந்தது, மஞ்சளாக இருந்தது, வாசனையாக மட்டும் இல்லை.

கடையில் அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அங்கே தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. சமையல்காரர் சுட்டுக்கொண்ட கையைக் காட்டலாம், வண்டிக்காரர் உடைந்த காலைக் காட்டலாம். அவர் எதைக் காட்டுவது? மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது.

வழி கண்டுபிடித்தது மனைவிதான்.

“அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? என் மூக்கு சும்மாதானே இருக்கு. பஸ்ல அடுத்தவங்க அக்குளை மோந்ததைத் தவிர இது இதுவரைக்கும் என்ன வேலை பாத்துச்சு? நான் மோந்து சொல்றேன், நீங்க போய் அங்க சொல்லுங்க.”

அப்படி ஆரம்பித்தது. வியாபாரிகள் தரும் மாதிரிப் பாட்டில்களை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் சீருடையை மாற்றிவிட்டு வந்து சமையலறைத் தொட்டியருகில் நிற்பாள். மோந்து பார்ப்பாள், வாயில் கொஞ்சம் வைத்துச் சுழற்றுவாள், துப்பிவிடுவாள். ஒரு சொட்டும் விழுங்க மாட்டாள். விடிந்தால் டிப்போவில் குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டிச் சாவியை வாங்க வேண்டும். இவ்வளவு நல்ல சரக்கை இப்படிச் சாக்கடைக்கு ஊட்டுகிறோமே என்று புலம்பிக்கொண்டே துப்புவாள்.

அவளுக்கு ஒயின் பேச்சு தெரியாது. தெரிந்ததெல்லாம் பேருந்து. மழை நின்றதும் கதவைத் திறந்தால் உள்ளே வருகிற மண் வாசம் என்பாள். புது இருக்கை உறை, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே வரும் பின்வரிசை, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் கையில் தடவியிருக்கும் கிருமிநாசினி என்று ஒவ்வொன்றாக அடுக்குவாள். மூக்கர் அதைக் கேட்டு, தன் நாக்குக்கு இன்னும் தெரிகிற புளிப்பையும் துவர்ப்பையும் அதோடு சேர்த்து, இத்தனை காலம் படித்ததையும் சேர்த்து, இது இன்ன பழம், இன்ன பீப்பாய் என்று கணிப்பார். அவள் மூக்கு, அவர் நாக்கு, அவர் படிப்பு. மூன்றும் சேர்ந்தால் ஒரு முழு மூக்கர் தேறினார். சனிக்கிழமை மேசையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய அங்காடி திறந்தார்கள். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். முதலாளியக்கா யோசித்தார். விலை கையைக் கடிக்காத, தினமும் சாப்பாட்டோடு குடிக்கிற மாதிரி ஒரு சிவப்பு ஒயின் வேண்டும். அதைத் தேடி ஆட்கள் இந்தக் கடைக்குத்தான் வரவேண்டும். பல மாதிரிகள் வந்தன. அதில் ஒன்று ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. தெம்பிரானியோ என்கிற திராட்சையில் செய்தது. லேபிளில் வெறும் நாற்காலி ஒன்றின் படம். உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க வேண்டும் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறான் என்று மச்சான் அதற்கு நாற்காலி ஒயின் என்று பெயர் வைத்தார்.

வீட்டில் அதைத் திறந்த அன்று மனைவி வழக்கத்தைவிட அதிக நேரம் கிளாஸுக்குள் இருந்தாள். செர்ரிப் பழம் என்றாள். புது ஷூவின் உள்பக்கம் என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “பள்ளிக்கூடத்து வாசல்ல பசங்க மொத்தமா ஏறுவாங்க பாருங்க, அப்ப ஒரு பென்சில் சீவல் வாசம் வரும். அதேதான்” என்றாள்.

மூக்கருக்கு உடம்பு சிலிர்த்தது. பென்சில் சீவல் என்றால் பீப்பாய். நல்ல மரத்தில், அளவோடு படுத்திருந்த ஒயின். இந்த விலைக்கு அது கிடைப்பது அபூர்வம். நாக்கில் வைத்துப் பார்த்தார். துவர்ப்பு கரகரக்காமல் மெதுவாக இறங்கியது. மறுநாள் முதலாளியக்காவிடம் தைரியமாக வாங்கலாம் என்றார். அவர் வார்த்தையை நம்பி அந்த அம்மாள் மறு பேச்சுப் பேசாமல் வாங்கினார். சரக்கு அறையில் நாற்காலி ஒயின் கூரையைத் தொட்டு நின்றது. மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதை அடுக்கி முடித்தார்.

அடுக்கியதைப் பார்த்த பிறகுதான் மூக்கருக்குப் பயம் வந்தது. மாதிரி ஒன்று, வந்து இறங்கியது இன்னொன்று என்று ஆகிவிட்டால்? வெள்ளிக்கிழமை மாலை மேலே இருந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தக்கையைத் திருகி எடுத்து, ஊற்றி, நீட்டினார். மனைவி மோந்தாள். உடனே முகம் மலர்ந்தது.

“அட, நம்ம முதல் வீடு.”

கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது தெரு மட்டத்துக்குக் கீழே ஓர் அறை. சன்னல் வழியாகப் போகிற வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். எந்தக் கால் எந்த வேலைக்குப் போகிறது என்று இருவரும் படுத்தபடியே பந்தயம் கட்டுவார்கள். அலமாரி கிடையாது, ஒயின் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதில்தான் துணிமணி, பாத்திரம் எல்லாம். மழை வந்தால் சுவர் வியர்க்கும், அடியில் இருக்கிற பெட்டி ஊறும், மேலே இருக்கிற பெட்டி சாயும். சாய்ந்ததைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாள்கள். அதைவிடச் சந்தோஷமாக அவர்கள் வேறெங்கும் இருந்ததில்லை.

மூக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். “போதும், அதுக்கு மேல சொல்லாத. அப்படியே இருக்கட்டும்” என்று கையமர்த்தினார். தக்கையைத் திரும்ப அழுத்தி, அந்தப் பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். நாளைக்கு மேசையில் முதலில் இதைத்தான் ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கிளாஸைச் சுழற்றத் தெரிந்த ஒரு ஜோடி, கையில் இரும்புத் தூளோடு பக்கத்துக் கடை சாவிக்காரர். மூக்கர் முதல் மடக்கைக் குடித்தார். புளிப்பு சரி, துவர்ப்பு சரி. நிமிர்ந்து, இந்த ஒயினைப் பற்றிப் பழம், மரம் என்றெல்லாம் பேசப் போவதில்லை, இதில் இருப்பது ஒருவர் வாழ்ந்த முதல் வீட்டின் வாசம், அவரவர் வீட்டை அவரவரே தேடிக்கொள்ளுங்கள் என்றார். அவர் வாயில் இதுவரை யாரும் கேட்காத பேச்சு. கூட்டம் அமைதியாகி மோந்தது.

கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் ஆமாம் என்றால் எல்லோருக்கும் ஆமாம். ஜோடியில் ஒருத்தி தன் பழைய மாடியறையைக் கண்டுபிடித்தாள். அவன் அவசரமாக அதே அறையைத் தானும் கண்டுபிடித்தான். டீச்சர் நெற்றியைச் சுருக்கி, தன் முதல் வீடும் சரியாக இப்படித்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார், ஆனால் இன்னொரு வாய் கேட்கவில்லை. சாவிக்காரர் மட்டும் தனக்கு வீடு எதுவும் ஞாபகம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் வரலாம் என்றார்.

கல்லாவிலிருந்து முதலாளியக்கா வந்து ஒரு கிளாஸை எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. ஒரு கணம் மூக்கரைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் மூக்கருக்கு உறைத்தது.

கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. சில சமயம் தக்கை கெட்டிருக்கும். அது ஒயினில் ஈர அட்டைப்பெட்டி வாடையை ஏற்றிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழத்தின் மணத்தையெல்லாம் தின்றுவிடும். மூக்கர் தன் காலத்தில் அப்படி எத்தனையோ பாட்டில்களை வாசலிலேயே மடக்கியிருக்கிறார். ஊறிப்போன அட்டைப்பெட்டி. சுவர் வியர்த்த அறை. மனைவி நேற்று வாய் திறந்து சொன்னதே அதைத்தான். அவர் காதில் விழுந்தது வீடு மட்டும்.

முதலாளியக்கா சத்தம் போடவில்லை. இந்தப் பாட்டில் போதும், உள்ளே வையுங்கள், புதிதாக ஒன்றைத் திறங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். திறந்ததும், இன்றைக்கு எனக்கும் ஆசையாக இருக்கிறது என்று கூட்டத்திடம் சிரித்து, முதல் மடக்கைத் தானே குடித்தார். அடுத்த பாட்டிலுக்கும், அதற்கடுத்ததற்கும் அப்படியே. மேசை மடக்குகிற வரைக்கும் அவர் மூக்கரின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சட்டம் காப்பாற்றப்பட்டது. மானமும்தான்.

கூட்டம் கலைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். இரண்டு கிளாஸ்களை மேசையில் வைத்தார்.

“தம்பி, இதுல கெட்டது எது?”

மூக்கர் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. பொய் சொல்லித் தப்பிக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி இருந்தது. கிளாஸ்களைக் கீழே வைத்தார்.

“தெரியலக்கா. எனக்கு எதுவுமே தெரியல. காய்ச்சல்ல போச்சு.”

பின்னால் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மச்சானின் கை நின்றது. பிறகு மூக்கர் எல்லாவற்றையும் சொன்னார். காபி டப்பா, டாக்டர், தொட்டியருகில் துப்புகிற மனைவி, வெள்ளிக்கிழமை பாட்டில். முதலாளியக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மேசையில் கிடந்த தக்கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதற்குள் மூக்கர் மனதுக்குள் கடையைவிட்டு இறங்கி, தெருமுனை வரை போயும் விட்டார்.

“மூக்கு போனதுக்கு யாராவது கோவப்படுவாங்களா? பக்கத்துலயே நின்னுக்கிட்டு எங்கிட்ட சொல்லாம இருந்தீங்களே, அதுக்குத்தான் கோவம். சரக்கு முழுக்க வாங்கிப் போட்டது உங்க மூக்கை நம்பி இல்ல தம்பி. உங்களை நம்பி.”

மூக்கர் தலை குனிந்தார். மச்சான் வந்து, தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று முறைத்துக்கொண்டார். பிறகு வைத்த பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

மனைவியை வரச் சொன்னார்கள். வேலை முடிந்து சீருடையோடு, பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தாள். முதலாளியக்கா ஒன்றும் விளக்காமல் இரண்டு கிளாஸையும் நீட்டினார். அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றை மோந்தாள்.

“இது பென்சில்.” மற்றதை மோந்தாள். “இது நம்ம பழைய ரூம். நேத்தே சொல்ல வந்தேன், ரொம்ப ஈரம் அடிக்குது, அந்தப் பென்சிலைக் காணோமேன்னு. எங்க சொல்ல விட்டீங்க? உடனே கண்ணைக் கசக்கிட்டீங்க.”

அப்போதுதான் முதலாளியக்கா சிரித்தார். கோபம் முழுதாகப் போன சிரிப்பு இல்லை. பாதி போன சிரிப்பு. இருந்த சரக்கில் ஆங்காங்கே சில பாட்டில்களைத் திறந்து அவரும் அவளுமாக மோந்தார்கள். எல்லாவற்றிலும் பென்சில் இருந்தது. கெட்டது அந்த ஒரு தக்கைதான். அவள் மூக்கு நல்ல மூக்கு, சனிக்கிழமைகளில் வருகிறாயா என்று முதலாளியக்கா கேட்டதற்கு, தனக்குப் பேருந்து இருக்கிறது, இந்த மனிதருக்கு மட்டும்தான் இரவல் என்று சொல்லிவிட்டாள்.

முதலாளியக்கா தீர்ப்பு சொன்னார். இனி முதல் மடக்கு அவருடையது இல்லை, முதலாளியக்காவே குடிப்பார். மேசை மூக்கருடையது, பேச்சும் அவருடையது. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த சனிக்கிழமை நடந்ததை வாடிக்கையாளர்களிடம் அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அவர்கள் கிளாஸை நீட்டினால் வேலை இருக்கிறது. நீட்டாவிட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மேசைக்குப் பின்னால் நின்றபோது தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தார். முதலாளியக்கா முதல் மடக்கைக் குடித்துவிட்டுத் தலையசைத்தார். மூக்கர் நிமிர்ந்து சொன்னார். எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு போனது. போன வாரம் முதலில் ஊற்றியது கெட்ட பாட்டில். அதைப் பெருமையாகப் பேசி உங்கள் வாயில் வைத்தது நான்.

ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கணக்கு டீச்சர்தான் முதலில் அசைந்தார்.

“அப்ப அது கெட்டுப்போனதா?”

“ஆமா டீச்சர்.”

“எங்க வீடும் அப்படித்தாம்பா நாறும். சுவரெல்லாம் ஈரம். நான் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்” என்று சொல்லிக் கிளாஸை நீட்டினார். “இப்ப நல்லதை ஊத்து.”

மூக்கர் அவசரமாக ஊற்றியதில் கொஞ்சம் தாளில் சிந்தியது. டீச்சர் மோந்தார். உடனே குடிக்கவில்லை. கிளாஸை இறக்கி, உனக்குத்தான் தெரியாதே, அதனால் நான் சொல்கிறேன் என்ற தோரணையில், கறுத்த செர்ரி, அப்புறம் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்த மர ஸ்கேல் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அடுத்து ஜோடி சொன்னது. இந்த முறை இருவரும் வேறு வேறு சொன்னார்கள். சாவிக்காரர் தனக்கு இரும்பைத் தவிர எதுவும் வாசனையாகத் தெரியாது, இருந்தாலும் இது நன்றாக இருக்கிறது, இரண்டு பாட்டில் கட்டுங்கள் என்றார்.

அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை வருகிறவர்கள் சுவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சொல்வார்கள். முன்பு அவர் சொல்ல, அவர்கள் தலையாட்டினார்கள். இப்போது அவர்கள் சொல்ல, அவர் கேட்கிறார். கேட்டு, அது மரத்தால் வந்தது, இது வெயிலால் வந்தது என்று விளக்குகிறார். நனைந்த நாய் என்று ஒருவர், மருத்துவமனை என்று ஒருவர், தன் அப்பாவின் சட்டைப் பை என்று ஒருவர். தலையாட்டிவிட்டுப் போகிற கூட்டம் குறைந்து, நின்று பேசுகிற கூட்டம் சேர்ந்தது. நாற்காலி ஒயின் கூரையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. மச்சான் பெயரைத் திருப்பி வாங்கவில்லை. மாமாவுக்கு இப்போது ஊர்ப்பட்ட மூக்கு என்று சொல்லித் திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூக்கர் ஒரு நாற்காலி ஒயினை வீட்டில் திறந்தார். மனைவிக்கு அன்றும் மறுநாளும் விடுமுறை. அவள் வழக்கம்போலக் கிளாஸை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள். பாதியில் நின்றாள். நாளைக்கு ஊத வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவருக்காக மோந்து மோந்து துப்பியதை அன்றுதான் முதல் முறையாக விழுங்கினாள்.

“ம்” என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பேச்சு பழகாத ஆள்போல, “நன்றி” என்றார்.

அவள் புருவத்தைத் தூக்கினாள். “என்ன இது, கடைக்கு வந்தவங்ககிட்ட பேசற மாதிரி?”

“இல்ல, சொல்லணும்னு தோணிச்சு.”

“சரி, சொல்லிட்டீங்க. இப்ப என்ன வாசனைன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?”

“சொல்லு. இந்தத் தடவை முழுசா சொல்லு. நான் நடுவுல பேசல.”

அவள் மறுபடி கிளாஸுக்குள் குனிந்தாள். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.